வழி தவறாத பாதையில் வழிகாட்டி எதற்கு?

லுக்லாவில் இறங்கி எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடப்பவர்கள் வழி தவறுவது அரிது. நாம்சே பஜார் வரை தூத் கோசி ஆற்றை ஒட்டி ஏறும் ஒரே பெரிய பாதைதான். அக்டோபர் மாதத்தில் முன்னால் ஒரு கூட்டம் போகும், பின்னால் ஒரு கூட்டம் வரும், நடுவில் கழுத்தில் மணி கட்டிய மாடுகள் வரிசையாகப் போகும். யாரையும் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் தோன்றும். அப்படியிருந்தும் பல ஆயிரம் பேர் ஆண்டுதோறும் பணம் கட்டி ஒரு வழிகாட்டியின் பின்னால் நடக்கிறார்கள்.

அந்த வழிகாட்டி என்ன வேலை செய்கிறார் என்பது முதல் இரண்டு நாளில் யாருக்கும் புரியாது. அறை பிடித்துக் கொடுக்கிறார், சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுகிறார், சிகரங்களின் பெயர்களைச் சொல்கிறார். இதற்கா இவ்வளவு காசு என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. நான்காயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு, காலைச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் ரொட்டியைத் தொடாமல் நகர்த்தி வைக்கும்போது அதை முதலில் கவனிப்பவர் அந்த வழிகாட்டியாகத்தான் இருப்பார். அவருடைய உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இமயமலையில் காசு கட்டி நடக்கும் விடுமுறை என்ற ஏற்பாட்டுக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நேபாளம் வெளிநாட்டவருக்குக் கதவைத் திறக்கவில்லை. திறந்த பிறகும் மலைப்பக்கம் போனவர்கள் ஏறக்குறைய எல்லோரும் சிகரம் ஏறும் குழுக்களைச் சேர்ந்தவர்கள்தான். அந்தக் குழுக்களுக்கான சுமையாட்கள், கூடாரங்கள், சமையல் ஏற்பாடுகளைக் கவனித்துப் பழகியவர் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் கூர்க்கா படை அதிகாரி. 1963-இல் அமெரிக்கர்களின் எவரெஸ்ட் குழுவுக்கும் போக்குவரத்துப் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். சிகரம் ஏறுகிறவர்களுக்குச் செய்யும் அதே ஏற்பாட்டை, சிகரமே ஏறாமல் பள்ளத்தாக்கில் நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கும் செய்து கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1964-இல் காட்மாண்டுவில் ‘மவுண்டன் டிராவல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவருடைய முதல் வாடிக்கையாளர்களாக வந்தவர்கள் மூன்று அமெரிக்கப் பெண்கள். இன்று நேபாளத்தில் இயங்கும் நூற்றுக்கணக்கான டிரெக்கிங் நிறுவனங்களுக்கும் அந்தச் சிறு குழுதான் பிள்ளையார் சுழி.

ராபர்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய அதே 1964-இல் லுக்லாவில் ஒரு விமான ஓடுதளமும் உருவானது. எட்மண்ட் ஹிலாரி முன்னின்று அமைத்தது. 1953-இல் டென்சிங்கும் ஹிலாரியும் போன குழு காட்மாண்டு பள்ளத்தாக்கிலிருந்து தெங்போச்சே மடாலயத்தை அடைய ஏறக்குறைய இரண்டரை வாரம் நடக்க வேண்டியிருந்தது. இன்று அந்தத் தூரத்தில் பெரும்பகுதியைச் சின்ன விமானம் அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. வசதிதான். ஆனால் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. இரண்டரை வாரம் நடந்து வந்தவர்களின் உடம்புக்கு உயரம் தானாகப் பழகியது. விமானத்தில் வருகிறவரின் உடம்புக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதைத் தங்கள் ஊர்க் கணக்கில் பார்த்துவிடுவது நல்லது. நம் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். லுக்லா ஓடுதளம் இருப்பது ஏறக்குறைய 2,860 மீட்டரில். விமானக் கதவு திறக்கும்போதே பயணி விந்திய மலைக்குத் தெற்கே எங்கும் நின்றிராத உயரத்தில் நிற்கிறார். முதல் இரவு தங்கும் பாக்திங் 2,610 மீட்டர். அடிவார முகாம் வழியில் தங்குகிற ஊர்களிலேயே தாழ்வானது அதுதான், அதுவே தொட்டபெட்டா உச்சிக்குச் சமம். அங்கிருந்து நாம்சே 3,440, தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, லோபுச்சே 4,940, கோரக் ஷெப் 5,164, கடைசியில் அடிவார முகாம் 5,364. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

பர்வதமலையும் வெள்ளியங்கிரியும் ஏறிப் பழகிய கால்கள் இந்தப் பாதைக்கு நிச்சயம் உதவும். படிக்கட்டு ஏறி இறங்குவது, முதுகில் ஐந்தாறு கிலோவோடு வாரத்தில் சில நாள் நடப்பது எல்லாம் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிட்டால் முட்டிகள் வாழ்த்தும். நாளொன்றுக்கு ஐந்திலிருந்து ஏழு மணி நேரம் நடக்க வேண்டும், கயிறும் கோடரியும் தேவைப்படாது. ஆனால் உயரத்துக்குப் பழகுவது வேறு விஷயம், அதற்கு உடற்பயிற்சி போதாது. மாரத்தான் ஓடும் இளைஞர் நாம்சேயில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவதும், அறுபது வயதுக்காரர் நிதானமாக மேலே போய்ச் சேருவதும் அங்கே வழக்கமான காட்சி. யாரை உயரம் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பலமான உடம்புக்காரர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. வழிகாட்டிக்கு அரசு உரிமம் இருக்கிறதா? பயணத் திட்டத்தில் நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவு தங்கல் இருக்கிறதா? சுமைதூக்கிகளுக்குக் காப்பீடு உண்டா, ஒருவருக்கு எத்தனை கிலோ? குழுவில் ஒருவர் பாதியில் இறங்க நேர்ந்தால் அவரோடு கூட இறங்குவதற்குத் துணை வழிகாட்டி வருகிறாரா? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. பத்துப் பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால், ஒருவரைக் கீழே கொண்டுபோகும் நாளில் மற்ற ஒன்பது பேர் என்ன செய்வார்கள்? இதற்கு நேரான பதில் சொல்லாத நிறுவனத்தை விட்டுவிடலாம். பன்னிரண்டு நாள் பயணத்தை ஒன்பது நாளில் முடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் வெட்டியிருப்பது பெரும்பாலும் ஓய்வு நாட்களைத்தான். அது தள்ளுபடி ஆகாது.

காப்பீடும் அப்படித்தான். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் உயர வரம்பு இருக்கும். 6,000 மீட்டர் வரை மலைநடையையும் ஹெலிகாப்டர் மீட்பையும் ஏற்கும் காப்பீடா என்று எழுத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஹெலிகாப்டர் விஷயத்தில் ஒரு கசப்பான கதையும் உண்டு. தேவையில்லாத மீட்புகளை நடத்திக் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் கறக்கும் வலைப்பின்னல் குறித்து 2018-இல் நேபாள அரசே விசாரணை நடத்த வேண்டி வந்தது. இலேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை அழைக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் கொஞ்சம் நிதானிக்கலாம். பெரும்பாலான தலைவலிகளுக்கு ஒரு நாள் ஓய்வோ சில நூறு மீட்டர் இறக்கமோ போதும்.

கூட்டம் நிறைந்த பருவங்களில் லுக்லா விமானங்கள் பல காட்மாண்டுவிலிருந்து புறப்படுவதில்லை. காட்மாண்டு விமான நிலையத்தின் நெரிசலைக் குறைப்பதற்காக ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலிக்கு அவற்றை மாற்றிவிடுகிறார்கள். அதற்கு நள்ளிரவு தாண்டிய உடனே எழுந்து நான்கைந்து மணி நேரம் வேனில் போக வேண்டும். கைப்பையையும் சேர்த்து 15 கிலோ என்பதே சாமான் வரம்பு. லுக்லா ஓடுதளத்தின் நீளம் 527 மீட்டர், அதுவும் சரிவாக அமைந்தது. இறங்கும் விமானம் மேட்டை நோக்கி ஓடி வேகம் தணியும், கிளம்பும் விமானம் பள்ளத்தை நோக்கி ஓடி வேகம் பிடிக்கும். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பாதாளம். மேகம் வந்தால் அன்றைக்கு விமானம் இல்லை. பயணத்தின் முதல் பாடம் காத்திருப்பது என்று எடுத்துக்கொண்டால் மனம் அமைதியாகிவிடும்.

நடை தொடங்கியதும் எல்லோருக்கும் வியப்பூட்டுவது வழிகாட்டியின் வேகக் குறைவு. ஒரு கால் வைத்து, மூச்சு விட்டு, மறு கால் வைப்பதாக அவர் நடப்பார். அந்த நடையில் பேசிக்கொண்டே போக முடிய வேண்டும். பேச்சு மூச்சு வாங்கித் துண்டு துண்டாகிறது என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். எதிரே சுமை ஏற்றிய மாடுகள் வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நிற்கச் சொல்வார். பள்ளத்துப் பக்கம் நின்றவரை மூட்டை இடித்துத் தள்ளிவிடக்கூடும். மந்திரம் செதுக்கிய மணிக் கற்களின் சுவர் வந்தால் அதை வலப்பக்கமாக வைத்து, இடது பக்கமாகக் கடக்க வேண்டும். நாம் கோயிலை வலம் வரும் திசைதான் அது, பழகிக்கொள்ளச் சிரமமில்லை.

பாக்திங்கிலிருந்து நாம்சே போகும் நாள் கொஞ்சம் கடினமானது. ஆற்றைத் திரும்பத் திரும்பத் தொங்குபாலங்களில் கடந்து, கடைசியில் உயரமான ஹிலாரி பாலத்தைத் தாண்டியதும் நெட்டுக்குத்தான ஏற்றம். ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல். பாதி ஏற்றத்தில், பைன் மரங்களுக்கு இடையே, வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட் முதல்முறையாகத் தலைகாட்டும்.

நாம்சேயில் மறுநாள் ஓய்வு. ஆனால் படுத்துக் கிடக்க விடமாட்டார்கள். காலையிலேயே கிளப்பிக்கொண்டு 3,880 மீட்டரில் ஜப்பானியர் ஒருவர் முயற்சியில் 1971-இல் திறக்கப்பட்ட எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏற்றி, அங்கே தேநீர் குடிக்கவைத்து, மறுபடி நாம்சேக்கே இறக்கிவிடுவார்கள். பகலில் உயர ஏறி, இரவில் தாழ்வாகத் தூங்குவது உடம்பை உயரத்துக்குப் பழக்கும் வழி. வழியில் கும்ஜுங் கிராமத்தையும் பார்க்கலாம். ஹிலாரி 1961-இல் கட்டிக் கொடுத்த பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. அதற்கு அடுத்த கிராமமான குன்டேயில் 1966-இல் மருத்துவமனையும் வந்தது. சிகரத்தைத் தொட்டுவிட்டுப் போய்விடாமல், ஷெர்பா மக்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்தவர் என்பதால் ஹிலாரியின் பெயரை இங்கே இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள்.

மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. நல்ல பயணத் திட்டங்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. அதையும் மீறி உயர நோய் வரும். தலைவலி, பசியின்மை, குமட்டல், காரணமில்லாத சோர்வு ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். இந்த நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே தங்கினாலே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

அதைக் கவனிக்காமல் ஏறினால் இரண்டு கொடிய நிலைகள் காத்திருக்கின்றன. ஒன்றில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்; உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது. மற்றொன்றில் மூளை வீங்கும். பேச்சு குழறும், நடை தள்ளாடும். வழிகாட்டிகளிடம் இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வார்கள். அப்படி நடக்க முடியாதவரை அந்த நிமிடமே, இரவானாலும், கீழே இறக்கத் தொடங்கிவிட வேண்டும். ஆக்சிஜனும் மருந்துகளும் நேரம் வாங்கித் தரும், உயிரைக் காப்பாற்றுவது இறக்கம்தான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைத் தினமும் மாலையில் எடுத்து வருவது இப்போது பல வழிகாட்டிகளின் வழக்கம். அனுபவசாலிகள் அந்த எண்ணை மட்டும் நம்புவதில்லை. யார் சாப்பிடவில்லை, யார் பேச்சைக் குறைத்துவிட்டார், யார் எரிச்சல்படுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பயணிகள் தலைவலியை மறைப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இத்தனை காசு, இத்தனை நாள் விடுப்பு, ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்த பெருமை எல்லாம் சேர்ந்து வாயை அடைத்துவிடும். இந்தப் பாதையில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு அதுவாகத்தான் இருக்கும்.

டிங்போச்சேக்குப் பக்கத்திலேயே பெரிச்சே என்ற ஊரில் இமயமலை மீட்புச் சங்கம் ஒரு சிறு மருத்துவ நிலையம் நடத்துகிறது. 1973-இல் தொடங்கிய சங்கம் அது. தன்னார்வ மருத்துவர்கள் பருவம் முழுவதும் அங்கே தங்கி, பிற்பகலில் உயர நோய் பற்றி யார் வந்தாலும் விளக்கிச் சொல்கிறார்கள். ஓய்வு நாளில் ஒரு மணி நேரத்தை அதற்கு ஒதுக்குவது எந்தச் சிகரத்தைப் பார்ப்பதைவிடவும் பயனுள்ளது. பழக்கத்துக்கு உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றியும் அங்கே தெளிவாகச் சொல்வார்கள். ஆனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டிருப்பது நல்லது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். மாத்திரை போட்டால் விரல் நுனி கூசும், சிறுநீர் அதிகம் போகும். இரண்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை. இரவில் தூக்கத்தில் சில நொடி மூச்சு நின்று, பிறகு பெருமூச்சோடு திரும்புவதும் இந்த உயரத்தில் இயல்பு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் முதல்முறை கேட்கும்போது பதறிவிடுவார்.

விடுதிகள் எளிமையானவை. ஒட்டுப்பலகைச் சுவர் தடுத்த அறை, இரண்டு கட்டில், ஒரு சன்னல். அறைகளில் சூடு கிடையாது. மாலையானால் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் எரியும் இரும்படுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மேலே போகப் போக அந்த அடுப்பில் விறகுக்குப் பதில் காய்ந்த யாக் வறட்டி எரியும், மரங்கள் அங்கே வளராது. அறை வாடகை குறைவு, அதற்கு ஈடாக அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். வெந்நீர்க் குளியல், செல்போன் சார்ஜ், இணையம் எல்லாவற்றுக்கும் தனிக்காசு, உயரம் கூடக் கூட விலையும் கூடும். மூட்டை முதுகிலும் மாட்டிலும்தான் வருகிறது என்று நினைத்தால் அந்த விலையில் நியாயம் தெரியும். கழிப்பறை பெரும்பாலும் பொதுவானது. அதிகாலையில் வாளித் தண்ணீர் உறைந்திருக்கும்.

சாப்பாட்டில் தமிழர்களுக்குக் குறை இருக்காது. சோறு, பருப்பு, காய்கறி, ஊறுகாய் சேர்ந்த தால் பாத் எல்லா விடுதியிலும் உண்டு, கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள். பட்டியலில் பீட்சாவும் பாஸ்தாவும் இருந்தாலும் வழிகாட்டியும் சுமையாட்களும் இரண்டு வேளையும் சாப்பிடுவது அதைத்தான். அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டால் வயிறு கெடாது. நாம்சேக்கு மேலே இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது. இந்தப் பாதை போகும் கும்பு பகுதியில் பௌத்த மரபின்படி உயிர்க்கொலை செய்வதில்லை. இறைச்சி கீழேயிருந்து நாள்கணக்கில் சுமந்து வரப்படுகிறது. தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்காமல் சுத்திகரிப்பு மாத்திரை போட்டுக் குடிக்கலாம். அங்கே வாங்கும் ஒவ்வொரு பாட்டிலும் குப்பையாகி அந்த மலையிலேயேதான் கிடக்கும்.

சுமைதூக்கிகளைப் பற்றிப் பயணச் சிற்றேடுகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் இந்த விடுமுறை முழுவதும் அவர்கள் முதுகில்தான் நடக்கிறது. தோக்கோ என்ற கூம்புக் கூடை, அதை நெற்றியில் தாங்கும் நாம்லோ என்ற பட்டை, நின்ற இடத்திலேயே சுமையை இறக்கி வைக்க டி வடிவக் கைத்தடி, இவ்வளவுதான் கருவிகள். நாம்சே வாரச் சந்தைக்குச் சரக்கு சுமந்த ஆட்களை நிறுத்தி எடைபோட்டுப் பார்த்த ஆய்வொன்று 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதத்தையும், பெண்கள் 66 சதவீதத்தையும் சுமந்திருந்தார்கள்.

பயணிகளின் பைகளைச் சுமக்கும் ஆட்கள் எல்லோரும் ஷெர்பாக்கள் என்று நினைப்பது தவறு. ராய், தமாங் போன்ற சமூகங்களைச் சேர்ந்த, கீழ்மலைக் கிராமங்களிலிருந்து வேலை தேடி வருகிற இளைஞர்கள் அவர்களில் நிறைய. சொந்த ஊர் 1,500 அல்லது 2,000 மீட்டரில் இருக்கும். அவர்களுக்கும் உயரம் பழகியிருக்காது, சென்னைக்காரருக்கு வரும் அதே தலைவலி அவர்களுக்கும் வரும். வேலை போய்விடும் என்று பயந்து சொல்லமாட்டார்கள், அவ்வளவே வேறுபாடு. போதிய உடையும் சிகிச்சையும் இல்லாமல் மலையில் சுமையாட்கள் இறந்துபோன சம்பவங்களுக்குப் பிறகுதான் 1997-இல் சுமைதூக்கிகள் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழு உருவானது. நல்ல காலணி, குளிர் உடை, இரவில் படுக்க இடம், நோய் வந்தால் பயணிக்குச் செய்யும் அதே சிகிச்சை, தனியாகக் கீழே அனுப்பாமல் துணையோடு அனுப்புவது என்று அது கேட்டவை எல்லாம் மிக அடிப்படையானவை. இரண்டு பயணிகளின் பைகளைச் சேர்த்து ஒருவர் சுமப்பது வழக்கம். பயணி தன் பையிலிருந்து இரண்டு கிலோவைக் குறைத்தால் அந்த முதுகில் நான்கு கிலோ குறையும். காட்மாண்டுவின் தமேல் கடைகளில் கனமான டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாடகைக்குக் கிடைக்கும். எனவே ஊரிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிச் சுமந்து போகத் தேவையில்லை. புதிய காலணியை மட்டும் அங்கே போய் வாங்கக் கூடாது. ஊரிலேயே மாதக்கணக்கில் போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

வழிகாட்டியின் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை 2014 அக்டோபர் காட்டியது. விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டு நாளில் இமயமலையை எட்டி, அன்னபூர்ணா வட்டப் பாதையின் தோரோங் கணவாயில் பெரும்பனியாகக் கொட்டியது. 40 பேருக்கு மேல் மடிந்தார்கள், பயணிகளோடு வழிகாட்டிகளும் சுமையாட்களும். கீழே விடுதியிலேயே தங்கிவிட்டவர்கள் தப்பினார்கள். போகலாமா, தங்கலாமா என்று சொல்வது வழிகாட்டியின் வேலை. நமக்கு இன்னும் அருகிலேயே ஒரு காயம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த மார்ச் மாதத்தில் அந்தச் சரிவு எப்படிப் பற்றும், காற்று திரும்பினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில், பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாக அமர்த்தியிருப்பது அதனால்தான் மிகச் சரியான முடிவு. நேபாளமும் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டுப் பயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று அறிவித்தது. எவரெஸ்ட் பகுதி உள்ளாட்சி அதைத் தங்கள் எல்லைக்குள் கட்டாயமாக்கவில்லை. கட்டாயமில்லை என்பதற்காகத் தனியே போவது, முதல்முறை உயரம் ஏறுகிறவருக்கு ஏற்றதல்ல.

டிங்போச்சேக்கு முன்பே மரம் முடிந்துவிடும், அதற்கு மேலே பச்சையும் முடிந்துவிடும். துக்லா ஏற்றத்தின் மேட்டில், எவரெஸ்ட்டிலும் சுற்றியுள்ள சிகரங்களிலும் இறந்தவர்களுக்கான கல் நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. ஆக்சிஜன் குழாய் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியில் இருபது மணி நேரத்துக்கு மேல் தங்கிய பாபு சிரி ஷெர்பாவின் பெயரும் அவற்றில் உண்டு. அந்த மேட்டில் கூட்டங்கள் தாமாகவே பேச்சைக் குறைத்துக்கொள்ளும்.

அடிவார முகாம் குறித்து ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது. மேற்குத் தோளும் நுப்சேயும் அதை மறைத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஏறும் குழுக்களின் மஞ்சள் கூடாரங்கள் பனியாற்றின் கற்குவியல் மேல் நிறைந்திருக்கும். 2023-இல் உச்சியைத் தொட்ட விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வியும் அந்தப் பருவத்தில்தான் ஏறினார். அக்டோபரில் போகிறவருக்கு அங்கே கல்லும் பனியும் பிரார்த்தனைக் கொடிகளும்தான். உச்சியைப் பார்க்க வேண்டுமானால் மறுநாள் விடிவதற்கு முன் கோரக் ஷெப்பிலிருந்து காலா பத்தர் ஏற வேண்டும். 5,500 மீட்டருக்கு மேலே, சுழியத்துக்குப் பத்துப் பதினைந்து பாகை கீழே இருக்கும் குளிரில், தலைவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் ஏறினால், 8,848.86 மீட்டர் சிகரத்தின் கரிய பாறை முகம் எதிரே நிற்கும். குழுவில் ஒருவரோ இருவரோ அந்தக் காலையில் ஏறமாட்டார்கள். வழிகாட்டி முந்தின இரவே அவர்களிடம் தனியாகப் பேசியிருப்பார். வேண்டாம் என்ற அந்தச் சொல்லை அவர் எப்படிச் சொல்கிறார், பயணி அதை எப்படி ஏற்கிறார் என்பதில்தான் ஒரு பயணத்தின் தரத்தை அளக்கலாம். கெஞ்சியும் பேரம் பேசியும் அவரை மனம் மாற்ற முயல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

எட்டு நாள் ஏறியதை மூன்று நாளில் இறங்கிவிடலாம். ஒவ்வொரு நூறு மீட்டர் இறக்கத்துக்கும் பசியும் தூக்கமும் திரும்பும். முட்டிக்குத்தான் சோதனை, இரண்டு ஊன்றுகோல்கள் அங்கேதான் உண்மையாகப் பயன்படும். நாம்சேயில் பொடித்துப் பொதிந்த குப்பைப் பைகளை ஒரு கிலோ வீதம் கட்டி வைத்திருப்பார்கள். விருப்பமுள்ள பயணிகள் ஆளுக்கொன்று எடுத்து லுக்லாவில் சேர்த்தால் அங்கிருந்து மறுசுழற்சிக்காகக் காட்மாண்டு போகும். கால் வலியிலும் இதைச் செய்யலாம், கனம் தெரியாது.

கடைசி இரவு லுக்லாவில் குழுவாகச் சேர்த்த அன்பளிப்பைக் கொடுப்பது வழக்கம். பயணச் செலவில் பத்தில் ஒரு பங்கு என்பது பலர் பின்பற்றும் அளவு. வழிகாட்டியிடம் மொத்தமாகக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லாமல், ஒவ்வொரு சுமைதூக்கியின் கையிலும் உறையை நேராகக் கொடுப்பது மேல். பெயரைச் சொல்லிக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது, பன்னிரண்டு நாள் கூட நடந்தவரின் பெயர் அதற்குள் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை மேகம் மூடிக்கொண்டால் விமானம் வராது, சில சமயம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வராது. அதனால் காட்மாண்டுவிலிருந்து ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைக் குறைந்தது இரண்டு நாள் தள்ளியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.